கேட்டலிஸ்ட் 9300 சுவிட்சில் ஐஓஎஸ் எக்ஸ்இ அப்கிரேட்: முதல் முறை செய்பவர்களுக்கு

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 என்பது அலுவலக நெட்வொர்க்கில் கருவிகளை இணைக்கும் சுவிட்ச், அதன் இயங்குதளம் ஐஓஎஸ் எக்ஸ்இ. அந்த இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்த வரியைத் தட்டுவதற்கு முன் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும், தட்டிய பிறகு ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நெட்வொர்க் டீமில் புதிதாகச் சேர்ந்து, முதல் அப்கிரேடைத் தனியாகச் செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். சுவிட்சில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஓடுகிற சுவிட்சை ஏன் தொட வேண்டும்?

மேலாளர் கட்டாயம் இதைக் கேட்பார். நியாயமான கேள்விதான். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

2023 அக்டோபர் 16 அன்று ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வெப் யூஐ (உலாவி வழியாக சுவிட்சை நிர்வகிக்கும்) பகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை சிஸ்கோ அறிவித்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் அதன் எண் சிவிஇ-2023-20198. தீவிரம் பத்துக்குப் பத்து. கடவுச்சொல் எதுவும் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து, சுவிட்சில் பிரிவிலேஜ் 15 எனும் உச்ச உரிமையுள்ள ஒரு பயனரைத் தானே உருவாக்கிக்கொள்ள முடிந்தது. அறிவிப்பு வந்தபோதே தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்தன. முதல் திருத்தப் பதிப்பான 17.9.4ஏ அக்டோபர் 22 அன்றுதான் வந்தது. அந்த ஆறு நாளும் வெப் யூஐ-யை இயக்கும் எச்டிடிபி சர்வரை அணைத்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அணைக்க "நோ ஐபி எச்டிடிபி சர்வர்", "நோ ஐபி எச்டிடிபி செக்யூர்-சர்வர்" என்ற இரண்டு வரிகள். திருத்தம் வந்த அன்றே ஏற்றும் பழக்கமுள்ள அணிக்கும், அன்றுதான் முதன்முதலாகக் கையேட்டைத் திறந்த அணிக்கும் உள்ள வித்தியாசம் அந்த வாரத்தில் தெரிந்தது.

சாதாரண நாளில் நிதானமாகச் செய்து கை பழகியிருந்தால்தான் அவசர நாளில் கை நடுங்காது. அப்கிரேடை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது செய்யும் வழக்கமான வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

எந்தப் பதிப்பு?

இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐஓஎஸ் எக்ஸ்இ 17 வரிசையில் மூன்று வெளியீடுகளுக்கு ஒன்று நீண்ட காலம் பராமரிக்கப்படும். 17.3, 17.6, 17.9, 17.12, 17.15 ஆகியவை அந்த வகை. இவற்றுக்கு 36 மாதம் ஆதரவு உண்டு. இடையில் வரும் 17.10, 17.11 போன்றவற்றுக்கு 12 மாதம்தான். புதிய வசதி ஒன்று அவசியம் தேவைப்பட்டால் ஒழிய இடைப்பட்டவற்றின் பக்கம் போக வேண்டாம். சிஸ்கோவின் டவுன்லோடு பக்கத்தில் பரிந்துரைக்கும் பதிப்புக்கு அருகில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த வரிசைகளுக்கு நகரங்களின் பெயர்களும் உண்டு. 17.1 முதல் 17.3 வரை ஆம்ஸ்டர்டாம், 17.4 முதல் 17.6 வரை பெங்களூரு, 17.7 முதல் 17.9 வரை குபர்டினோ, 17.10 முதல் 17.12 வரை டப்ளின். பழைய டிக்கெட்டுகளில் (வேலைப் பதிவுகளில்) "பெங்களூருக்கு மாற்றியாச்சு" என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்.

பதிப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதன் ரிலீஸ் நோட்ஸை முழுதும் படியுங்கள். நீளமாக இருக்கும், சலிப்பாக இருக்கும், ஆனாலும் படியுங்கள். முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று, இன்னும் தீராத பிழைகளின் பட்டியல். உங்கள் நெட்வொர்க்கில் பயன்படும் வசதி எதுவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, எந்தப் பதிப்பிலிருந்து வந்தால் எந்தக் கட்டளை என்று சொல்லும் அட்டவணை. 16.5.1ஏ, 16.6.1 போன்ற மிகப் பழைய பதிப்புகளிலிருந்து வரும்போது "இன்ஸ்டால்" கட்டளைகள் வேலை செய்யாது. அங்கே "ரிக்வெஸ்ட் பிளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர்" என்று தொடங்கும் வேறு கட்டளைகள்.

9200 வரிசை சுவிட்சுகளும் உங்களிடம் இருந்தால் கவனம். அவற்றுக்கான ஃபைல் "கேட்9கே_லைட்" என்று தொடங்கும். 9300-க்கு உரியது "கேட்9கே_ஐஓஎஸ்எக்ஸ்இ" என்று தொடங்கும். இரண்டும் ஒன்றல்ல.

சுவிட்ச் எந்த முறையில் பூட் ஆகிறது?

"ஷோ வெர்ஷன்" தட்டி, வெளியீட்டின் கடைசிப் பகுதியில் வரும் சிறிய அட்டவணையைப் பாருங்கள். ஸ்டாக்கில் (ஒரே சுவிட்சாக இயங்கும்படி இணைத்த சுவிட்சுகளின் தொகுப்பில்) உள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு வரி இருக்கும். எண், போர்ட்டுகள், மாடல், பதிப்பு, இமேஜ் பெயர், கடைசியாக மோட். அந்தக் கடைசிக் கட்டத்தில் "இன்ஸ்டால்" என்றோ "பண்டில்" என்றோ இருக்கும்.

டவுன்லோடு செய்யும் ஃபைலின் பெயர் ".bin" என்று முடியும், அதனால் அதை "பின் ஃபைல்" என்பார்கள். பண்டில் முறையில் அந்த ஃபைல் அப்படியே நினைவகத்தில் ஏறி ஓடும். இன்ஸ்டால் முறையில் அதே ஃபைல் பல பிகேஜி துண்டுகளாகப் பிரிந்து ஃப்ளாஷில் (சுவிட்சின் நிரந்தரச் சேமிப்பகத்தில்) உட்காரும். பேக்கேஜஸ்.கான்ஃப் என்ற சிறிய ஃபைல், எந்தத் துண்டுகளை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை வைத்திருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதிகள் எல்லாம் இன்ஸ்டால் முறையில்தான் உண்டு. எல்லா சுவிட்சும் அதில் இருப்பதே நல்லது.

அடுத்து "ஷோ பூட்". பூட் வேரியபிள் "ஃப்ளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்" என்று காட்ட வேண்டும். மேனுவல் பூட் "நோ" என்று இருக்க வேண்டும். யாரோ என்றோ போட்டுவைத்த பழைய பின் ஃபைலின் பெயர் அதில் இருந்தால், நீங்கள் எத்தனை முறை அப்கிரேட் செய்தாலும் ரீலோடுக்கு (மறுதொடக்கத்துக்கு) பிறகு சுவிட்ச் அந்தப் பழைய பதிப்பிலேயே எழுந்து வரும். சரிசெய்ய, கான்ஃபிக் மோடில் "நோ பூட் சிஸ்டம்", "பூட் சிஸ்டம் ஃப்ளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்", "நோ பூட் மேனுவல்". வெளியே வந்து "ரைட் மெமரி". பண்டில் முறையில் உள்ள சுவிட்சுக்கும் இதே மூன்று வரிகள்தான். பிறகு பின்னால் வரும் ஒருவரி இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால், ரீலோடு ஆகி இன்ஸ்டால் முறைக்கு மாறிவிடும்.

இடத்தைக் காலி செய்து ஃபைலை ஏற்றுவது

வரிசை முக்கியமாகிற இடம் இது. முதலில் "இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்" கட்டளையைக் கொடுங்கள். பயன்பாட்டில் இல்லாத பழைய ஃபைல்களைப் பட்டியலிட்டு, அழிக்கலாமா என்று கேட்கும். பட்டியலைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் புதிய பின் ஃபைலை ஏற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், இப்போதுதான் ஏற்றிய புதிய ஃபைலும் "பயன்பாட்டில் இல்லாதது" என்ற கணக்கில் சேர்ந்து அழிந்துவிடும். புதியவர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

"டிர் ஃப்ளாஷ்:" தட்டி மிச்ச இடத்தைப் பாருங்கள். பின் ஃபைலுக்கு வேண்டிய இடம் போக, அதை விரித்து வைக்க இன்னொரு 1 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். ஸ்டாக் என்றால் "டிர் ஃப்ளாஷ்-2:", "டிர் ஃப்ளாஷ்-3:" என்று ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் சுவிட்சில் இடம் இருக்கிறது என்பதால் மூன்றாவதிலும் இருக்கும் என்று எண்ண முடியாது.

ஃபைலை அனுப்ப டிஎஃப்டிபி என்ற எளிய பரிமாற்ற முறை வேண்டாம் என்பது என் கருத்து. அது வழக்கமாக 512 பைட் துண்டுகளாக அனுப்பும். ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே அடுத்த துண்டு கிளம்பும். 1 ஜிபி ஃபைல் என்றால் ஏறக்குறைய 20 லட்சம் துண்டுகள். தொலைவிலுள்ள கிளை அலுவலகத்துக்குப் போய்வர 10 மில்லிசெகண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மணி நேரம் காத்திருப்பிலேயே போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் "ஐபி டிஎஃப்டிபி பிளாக்சைஸ் 8192" போடுங்கள், துண்டுகளின் எண்ணிக்கை பதினாறில் ஒன்றாகக் குறையும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக அனுப்பும் எஸ்சிபி இதைவிட நல்லது, பாதுகாப்பும் கூட. புதிய பதிப்புகளில் "ஐபி எஸ்எஸ்எச் பல்க்-மோட்" போட்டால் எஸ்சிபி வேகமும் கூடும். ஆள் நேரில் போகக்கூடிய இடமென்றால் யூஎஸ்பி டிரைவில் கொண்டுபோய்ச் சொருகுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

பின்பக்க மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக ஃபைலை இழுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த கிகாபிட்ஈதர்நெட்0/0 போர்ட் "எம்ஜிஎம்டி-விஆர்எஃப்" என்ற தனி ரூட்டிங் அட்டவணையில் இருக்கிறது. காப்பி கட்டளையின் இறுதியில் அந்த விஆர்எஃப் பெயரைச் சொல்லாவிட்டால், சர்வர் பக்கத்திலேயே இருந்தாலும் எட்டாது. பிங்கும் அப்படியே. சர்வரில் குறை இருப்பதாக நினைத்து அரை நாளை அங்கே செலவழிக்க வேண்டாம்.

ஃபைல் வந்ததும் "வெரிஃபை /எம்டி5 ஃப்ளாஷ்:" என்று போட்டு, கூடவே ஃபைல் பெயரையும் கொடுங்கள். ஃபைலைப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்து, 32 எழுத்து நீள மதிப்பு ஒன்றைக் காட்டும். டவுன்லோடு பக்கத்தில் ஃபைல் பெயர் மேல் சுட்டியை வைத்தால் அதே மதிப்பு தெரியும். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பார்த்துவிட்டு விடாதீர்கள். இரண்டையும் ஒரு நோட்பேடில் மேலும் கீழுமாக ஒட்டி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கட்டளையின் கடைசியிலேயே எதிர்பார்க்கும் மதிப்பை ஒட்டிவிட்டால் சுவிட்சே ஒப்பிட்டுச் சொல்லும். அது இன்னும் நல்லது.

இதுவரை செய்த எதனாலும் நெட்வொர்க் நிற்காது. பகலிலேயே, இரண்டு நாள் முன்னாலேயே முடித்து வைத்துவிடுங்கள்.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்

சுவிட்ச் ரீலோடு ஆகி எழ பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் அதில் தொங்கும் எல்லாம் நிற்கும். கணினிகளை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் வசதி) வழியாக மின்சாரம் பெறும் ஐபி போன்கள், வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகள், சிசிடிவி கேமராக்கள், கதவில் கார்டு தேய்க்கும் ரீடர்கள் எல்லாம் அணையும். "ஷோ பவர் இன்லைன்" கொடுத்தால் எந்தப் போர்ட்டில் எது மின்சாரம் இழுக்கிறது என்று வரும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புப் பிரிவிடமும் கட்டடப் பராமரிப்பு ஆட்களிடமும் பேசுங்கள். இரவு காவலாளிக்குக் கதவு திறக்காமல் போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எந்த சுவிட்சில் தொடங்குவது? லேபில் ஒன்று இருந்தால் அதில். இல்லையென்றால் குறைந்த ஆட்கள் உட்காரும் தளத்தின் ஆக்சஸ் சுவிட்சில் (பயனர் கருவிகள் நேரடியாக இணையும் சுவிட்சில்). அதை ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு மற்ற ஆக்சஸ் சுவிட்சுகள். ஆக்சஸ் சுவிட்சுகளை ஒன்றிணைக்கும் டிஸ்ட்ரிப்யூஷன் சுவிட்சுகள் ஜோடியாக இருக்கும், ஒரே இரவில் இரண்டையும் தொடாதீர்கள். எச்எஸ்ஆர்பி (ஒன்று நின்றால் மற்றது வேலையை ஏற்கும் முறை) ஓடினால் முதலில் போக்குவரத்தை அடுத்த சுவிட்சுக்கு நகர்த்திவிட்டு இதைத் தொடுங்கள்.

அன்றைய இரவு

முதல் வேலை, இப்போதைய நிலையைப் படம்பிடித்து வைப்பது. புட்டி அல்லது செக்யூர்சிஆர்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் லாக் பதிவை ஆன் செய்யுங்கள். "டெர்மினல் லெங்த் 0" கொடுத்துவிட்டு வரிசையாக இவற்றைத் தட்டுங்கள்: ஷோ வெர்ஷன், ஷோ சுவிட்ச், ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ், ஷோ சிடிபி நெய்பர்ஸ், ஷோ ஈதர்சேனல் சம்மரி, ஷோ ஸ்பானிங்-ட்ரீ ரூட், ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் கவுன்ட், ஷோ பவர் இன்லைன், ஷோ என்விரான்மென்ட் ஆல். ரூட்டிங் ஓடினால் ஷோ ஐபி ரூட் சம்மரியும். பிறகு ரன்னிங் கான்ஃபிக்கை சுவிட்சுக்கு வெளியே ஒரு சர்வருக்குக் காப்பி செய்யுங்கள். கடைசியாக "ரைட் மெமரி".

நெட்வொர்க் இல்லாமலே சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்ஸோல் கேபிளைச் சொருகி, திரையில் எழுத்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். 9300-இல் ஆர்ஜே45 கன்ஸோல் பின்பக்கம் இருக்கிறது, யூஎஸ்பி கன்ஸோல் முன்பக்கம். வேகம் 9600. ரேக் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இரவு பதினொன்றரை மணிக்குத் தேட வேண்டிய நிலை வரக்கூடாது.

இப்போது அந்தக் கட்டளை. எல்லாரும் தரும் ஒருவரி வடிவம் "இன்ஸ்டால் ஆட் ஃபைல் ஃப்ளாஷ்:", அடுத்து ஃபைல் பெயர், அடுத்து "ஆக்டிவேட் கமிட்". ஃபைலை விரித்து, செயல்படுத்தி, உறுதிசெய்து, ரீலோடு ஆகி, எல்லாம் ஒரே மூச்சில் முடியும். நூறு சுவிட்ச் செய்து பழகியவர்களுக்கு இது வசதி. முதல் முறை செய்பவர்கள் இதைத் தொடாமல், மூன்றாகப் பிரித்துச் செய்வதே நல்லது என்று அழுத்திச் சொல்வேன்.

முதலில் "இன்ஸ்டால் ஆட் ஃபைல்" மட்டும். ஃபைல் ஸ்டாக்கின் எல்லா சுவிட்சுக்கும் போய் விரியும். ரீலோடு ஆகாது. இதையும் மாலையிலேயே முடித்துவிடலாம். முடிந்ததும் "ஷோ இன்ஸ்டால் சம்மரி" கொடுத்தால் பழைய பதிப்புக்கு எதிரே "சி" என்றும் புதியதற்கு எதிரே "ஐ" என்றும் நிற்கும். சி என்றால் செயல்பட்டு உறுதியானது, ஐ என்றால் இன்னும் செயல்படாதது.

சேஞ்ச் விண்டோ (மாற்றத்துக்கு அனுமதி பெற்ற நேரம்) தொடங்கியதும் "இன்ஸ்டால் ஆக்டிவேட்". தொடரலாமா என்று கேட்கும், ஒய் அழுத்துங்கள். சுவிட்ச் ரீலோடு ஆகும். எழுந்து வந்த பிறகு அதே சம்மரியில் புதிய பதிப்புக்கு எதிரே "யு" என்று நிற்கும், அதாவது செயல்படுகிறது, ஆனால் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. கூடவே ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் அளவு 120 நிமிடம். அதற்குள் "இன்ஸ்டால் கமிட்" என்று நீங்கள் சொல்லாவிட்டால், சுவிட்ச் தானாகவே ரீலோடு ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும்.

இந்த டைமருக்காகத்தான் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறேன். புதிய பதிப்பு எழுந்துவிட்டது, ஆனால் ஏதோ காரணத்தால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடியவில்லை என்று வையுங்கள். தொலைவில் இருக்கும் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அதுவே பழையபடி வந்து நிற்கும். ஒருவரி வடிவத்தில் அந்த வாய்ப்பை முதல் நிமிடத்திலேயே கைவிட்டுவிடுகிறீர்கள். உள்ளே போக முடிகிறது, ஆனால் ஏதோ சரியில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். "இன்ஸ்டால் அபார்ட்" கொடுத்தால் உடனே திரும்பும்.

டைமரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவதும் நடக்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மடிக்கணினியை மூடியிருப்பீர்கள், நள்ளிரவு தாண்டி சுவிட்ச் மறுபடி ரீலோடு ஆகும், காலையில் பழைய பதிப்பு நிற்கும். செல்போனில் 90 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீலோடு நேரத்தில்

கன்ஸோல் திரையை மட்டும் பாருங்கள். பெரிய தாவலாக இருந்தால் பூட்லோடரும் பிஓஇ கட்டுப்பாட்டுச் சில்லின் மைக்ரோகோடும் தாமாகவே புதுப்பிக்கப்படும். அப்போது வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஆகும், நடுவில் திரை அசையாமல் நிற்பது போலவும் தோன்றும். என்ன ஆனாலும் பவர் கேபிளைப் பிடுங்காதீர்கள். பூட்லோடர் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் சுவிட்சையே இழக்க நேரிடலாம். யூபிஎஸ் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அன்று மாலையே பார்த்துவிடுங்கள்.

ஸ்டாக் முழுவதும் ஒன்றாகத்தான் ரீலோடு ஆகும். எக்ஸ்எஃப்எஸ்யூ என்ற வேகமான முறையில் 9300-இல் போக்குவரத்துத் தடை அரை நிமிடத்துக்குள் முடியும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அதற்கு ஏகப்பட்ட நிபந்தனைகள் உண்டு. முதல் அப்கிரேடில் அதை முயல வேண்டாம்.

சுவிட்ச் எழவே இல்லாமல் "சுவிட்ச்:" என்ற வரியில் நின்றால் பதற வேண்டாம். அது பூட்லோடர், உயிரோடுதான் இருக்கிறது. "டிர் ஃப்ளாஷ்:" கொடுத்து பேக்கேஜஸ்.கான்ஃப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "பூட் ஃப்ளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்". அது தோற்றால், எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பியில் பழைய பின் ஃபைலை வைத்து "பூட் யூஎஸ்பிஃப்ளாஷ்0:" என்று ஃபைல் பெயரோடு கொடுங்கள். அப்படி எழுந்தால் பண்டில் முறையில் ஓடும். மேலே சொன்னபடி மறுபடி இன்ஸ்டால் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த யூஎஸ்பி தயாராக உங்கள் பையில் இருக்க வேண்டும்.

கமிட் செய்வதற்கு முன்

எழுந்து உடனே ஒப்பிடாதீர்கள். போன்களும் ஆக்சஸ் பாயின்ட்டுகளும் எழுந்து வர ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு முன்பு எடுத்த அதே கட்டளைகளை அதே வரிசையில் மறுபடி எடுத்து, இரண்டு லாக் ஃபைல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வின்மெர்ஜ் போன்ற கருவி இருந்தால் வித்தியாசம் நிறத்தில் தெரியும்.

ஒரு உதாரணம். முன்பு கிகாபிட் 1/0/37 "கனெக்டட்" என்று இருந்தது, இப்போது "நாட்கனெக்ட்" என்கிறது. இரவு யாரோ கணினியை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பழைய லாகில் அந்தப் போர்ட் பிஓஇ-யில் சில வாட் இழுத்துக்கொண்டிருந்தது என்றால் அது கணினி அல்ல, கேமராவாகவோ போனாகவோ இருக்கும். அதை விடக்கூடாது. போர்ட்டை ஷட் செய்து (அணைத்து) நோ ஷட் கொடுத்து (மறுபடி இயக்கி) பாருங்கள். வரவில்லை என்றால் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படித்தால்தான் இது பிடிபடும்.

ஈதர்சேனல் (பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) சம்மரியில் எல்லா உறுப்புப் போர்ட்டுகளுக்கும் பக்கத்தில் "பி" (P) இருக்க வேண்டும். ஸ்பானிங்-ட்ரீ (நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் முறை) ரூட் மாறியிருக்கக் கூடாது. "ஷோ சுவிட்ச்" எல்லாவற்றுக்கும் "ரெடி" சொல்ல வேண்டும். "ஷோ லாகிங்" ஒரு முறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். அப்புறம் ஒரு மடிக்கணினியை உண்மையான பயனர் போர்ட்டில் சொருகி, ஐபி வருகிறதா, உள்ளே போக முடிகிறதா, ஒரு போனிலிருந்து அழைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் "இன்ஸ்டால் கமிட்". சம்மரியில் "யு" போய் "சி" வந்துவிடும். டைமரும் நின்றுவிடும்.

அடுத்த வாரம்

பழைய பதிப்பின் ஃபைல்களை அன்றே அழித்துவிடாதீர்கள். சில கோளாறுகள் திங்கட்கிழமை காலை முழுக் கூட்டமும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஒரு வாரமாவது ஓடட்டும். பிறகு "இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்" கொடுத்து இடத்தைக் காலி செய்யலாம். பழைய பின் ஃபைலின் ஒரு பிரதி சர்வரில் இருக்கட்டும்.

டிக்கெட்டில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, ரீலோடு எடுத்த உண்மையான நேரம், இரண்டு லாக் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேருங்கள். அடுத்த தளத்துக்கு எத்தனை மணி நேர விண்டோ கேட்பது என்பதை அந்த நேரக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வீர்கள்.

அலமாரியில் மாற்றுக்காக வைத்திருக்கும் உபரி சுவிட்சையும் வெளியே எடுத்து இதே பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஸ்டாக்கில் ஒன்று பழுதாகி இதைச் சொருகும் நாளில் பதிப்பு வேறாக இருந்தால், "ஷோ சுவிட்ச்" அதற்கு எதிரே "வி-மிஸ்மேட்ச்" என்று காட்டி ஸ்டாக்கில் சேர்த்துக்கொள்ளாது. கான்ஃபிக்கில் "சாஃப்ட்வேர் ஆட்டோ-அப்கிரேட் எனேபிள்" இருந்து, இரண்டும் இன்ஸ்டால் முறையில் இருந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும். அதற்கும் ஒரு ரீலோடு நேரம் பிடிக்கும்.